மோஷன் டெஸ்ட் சொல்லாத விஷயங்கள்

வயிற்றுப்போக்கு என்று எங்கள் லேபுக்கு மல மாதிரி கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பரிசோதனையே தேவையில்லை. லேபில் சம்பளம் வாங்கிக்கொண்டே இதை எழுதுவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் மைக்ரோபயாலஜி பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இதுதான்: என்ன கிருமி என்று நான் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் மாதிரிக்குரிய குழந்தை ஒன்று தேறியிருக்கும், இல்லையென்றால் ஏதாவது ஒரு வார்டில் அதற்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்.

இதற்கு நாங்கள் செய்வது கல்ச்சர், அதாவது மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது. மாதிரி வந்ததும் ஸ்லைடில் ஒரு துளி வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். சீழ்ச்செல், சிவப்பணு, அமீபா, ஜியார்டியா, புழு முட்டை ஏதாவது தெரிகிறதா என்று. இது சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் மாக்கான்கி, எக்ஸ்.எல்.டி. என்று கிருமிக்குத் தீனியான மீடியம் ஊற்றிய இரண்டு மூன்று வகைத் தட்டுகளில் மாதிரியைக் கோடு இழுத்து, 37 டிகிரியில் இன்குபேட்டரில் வைக்க வேண்டும். தட்டில் என்ன முளைத்திருக்கிறது என்று மறுநாள்தான் தெரியும். மாக்கான்கி தட்டில் இளஞ்சிவப்பாக இருப்பவை பெரும்பாலும் ஈ.கோலை வகையறா. நிறமில்லாமல் வெளிறிக் கிடப்பவைதான் எங்கள் சந்தேக லிஸ்ட். எக்ஸ்.எல்.டி.யில் சிவப்பாக வளர்ந்து நடுவில் கறுப்பு விழுந்திருந்தால் சால்மோனெல்லாவாக இருக்கலாம். கறுப்பில்லாத வெறும் சிவப்பென்றால் ஷிகெல்லாவாக இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' எல்லாம் 'ஆம்' ஆவதற்கு இன்னொரு நாள் வேண்டும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ரிப்போர்ட் கைக்கு வரும்போது மூன்றாம் நாள் ஆகிவிடும்.

அந்த ரிப்போர்ட்டிலும் ஓட்டை உண்டு. 'நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை' என்று அச்சடித்துக் கொடுத்தால், பாக்டீரியா இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் தேடிய பாக்டீரியா, நாங்கள் வைத்திருக்கும் தட்டுகளில் வளரவில்லை என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். கேம்பைலோபாக்டர் என்று ஒன்று இருக்கிறது. அரைவேக்காட்டுக் கோழிக்கறியிலும் காய்ச்சாத பாலிலும் வருவது. அது 42 டிகிரியில், ஆக்ஸிஜன் குறைந்த காற்றில், தனி மீடியத்தில்தான் ஒழுங்காக வளரும். எங்களைப் போன்ற சின்ன லேப்களில் அந்த ஏற்பாடெல்லாம் இருக்காது. தேடாததால் அது எங்கள் ரிப்போர்ட்டில் வருவதும் இல்லை.

ஈ.கோலை கதை இன்னும் குழப்பம். 1885ல் தியோடர் எஸ்கெரிக் என்ற மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில்தான் இதை முதலில் பிரித்தெடுத்தார். நம் எல்லோர் குடலிலும் இருப்பது. சாது. ஆனால் அதே குடும்பத்தில் சில வகைகள் நச்சு சுரந்து பேதியை உண்டாக்கும். கைக்குழந்தைகளைக் குறிவைக்கும் வகை உண்டு. ரத்தபேதி வரவழைத்துச் சிறுநீரகத்தையே கெடுக்கிற வகையும் உண்டு. சாதுவும் ரவுடியும் தட்டில் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாக நிற்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். போன்ற சோதனை இல்லாமல் பிரித்தறிய முடியாது. அதனால் 'மலத்தில் ஈ.கோலை வளர்ந்துள்ளது' என்று சில இடங்களில் எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த வரியால் நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வாயில் பல் இருக்கிறது என்று சர்டிஃபிகேட் கொடுப்பது போல. அந்த வரியை நம்பி ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, குழந்தைகளின் பேதிக்குப் பாதி நேரம் காரணம் பாக்டீரியாவாகவே இருக்காது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. கடுமையான பேதிக்குக் காரணமாக அதில் முன்னால் நின்றவை நான்கு: ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, நச்சு சுரக்கும் ஈ.கோலை, ஷிகெல்லா. இரண்டுதான் பாக்டீரியா. வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. ரோட்டாவுக்கு 2017 முதல் தமிழ்நாட்டில் அரசே இலவசமாகச் சொட்டு மருந்து கொடுக்கிறது. 6, 10, 14 வாரங்களில். போட்ட பிள்ளைக்கும் பேதி வரலாம், ஆனால் படுக்கையில் தள்ளுகிற அளவுக்குப் பெரும்பாலும் வராது.

எங்கள் தெருவில் யாருக்கு வயிறு கெட்டாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "அக்கா, புள்ளைக்கு ராத்திரிலேர்ந்து தண்ணி தண்ணியா போவுது. மோஷன் டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோமா?"

"மோஷன் கெடக்கட்டும். ஒண்ணுக்கு கடைசியா எப்ப போனான்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். டயப்பரை மாற்றினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும், தெரியாது. ஆனால் எந்தக் கிருமியாக இருந்தாலும் குழந்தையைக் கொல்வது உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதுதான். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளம் விழுந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் சமமாகிறது என்றால் லேப் பக்கமே வரக்கூடாது. நேராக ஆஸ்பத்திரி. துவண்டு கிடந்து, குடிக்கவே மாட்டேன் என்றால் ஒரு நிமிஷமும் யோசிக்க வேண்டாம்.

இந்த வேகத்தில் பெரியவர்களையும் சாய்க்கக்கூடியது காலரா. எங்கள் ஊரிலிருந்து காரைக்கால் தூரமில்லை. 2022 ஜூலையில் அங்கே காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசர நிலையை அறிவித்தது, பள்ளிக்கூடங்களையும் மூடினார்கள். அந்த வாரம் எங்கள் பக்கமும் பேதியென்றாலே ஜனங்களுக்குக் கிலி. காலரா மலம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும், நாற்றமோ ரத்தமோ பெரிதாக இருக்காது, வயிற்றுவலியும் குறைவு. அதனால்தான் சிலர் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் தீவிரமான காலராவில் வளர்ந்த ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் நாடி பிடிக்க முடியாத நிலைக்கு வருவது கட்டுக்கதை இல்லை. வாந்திபேதி என்றாலே பழைய ஆட்கள் நடுங்கினார்கள் என்றால் சும்மா இல்லை.

காலராவை மட்டும் மைக்ரோஸ்கோப்பிலேயே ஓரளவு ஊகிக்கலாம். தொங்கு துளி முறை என்று ஒன்று. கண்ணாடியில் ஒரு துளியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தால் அந்தக் கமா வடிவக் கிருமிகள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து பாய்ந்து ஓடும். காலரா ஆன்டிசீரம், அதாவது அந்தக் கிருமியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப்பொருள் உள்ள திரவம், ஒரு சொட்டு விட்டதும் ஓட்டம் நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஆன்டிசீரமும் எப்போதும் கைகொடுக்காது. 1992 கடைசியில், அப்போதைய மெட்ராஸில், காலரா போலவே பேதி பரவியது. கிருமியும் காலராக் கிருமி போலவேதான் இருந்தது, ஆனால் அதுவரை கொள்ளைநோய்க்குக் காரணமாக இருந்த ஓ1 வகையின் ஆன்டிசீரத்தோடு ஒட்டவில்லை. அது புது வகை. பிறகு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். மதுரை, வேலூர், கொல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு, "டெஸ்ட் நெகட்டிவ்னு தைரியமா இருந்துராதீங்கம்மா, ஆளைப் பாருங்க" என்பார்.

காலராவோ, ஈ.கோலையோ, ரோட்டாவோ, தண்ணீராகப் போகும் பேதிக்கு முதல் வைத்தியம் ஒன்றே. உப்பு சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ். இது ஏன் வேலை செய்கிறது என்பது அழகான விஷயம். காலரா நச்சு குடல் சுவரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகிற தனி வாசல் ஒன்று குடலில் இருக்கிறது. நச்சு அந்த வாசலைத் தொடுவதில்லை. ஜோடி உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். 1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இந்த நம்பிக்கையில்தான் உப்பும் குளுக்கோஸும் பொட்டலம் கட்டிக் கரைத்து, குடும்பத்தார் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த முகாமில் யாரும் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை.

கரைசலில் நம் வீடுகளில் நடக்கும் கூத்து தனி. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போட்டு, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பார்கள். உப்பு அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் பிரயோஜனமில்லை. 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது; எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று உறையிலேயே இருக்கும். முழுப் பாக்கெட்டையும் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மி.லி., இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்கள் முடிந்த மட்டும். ஸ்பூன் ஸ்பூனாகத்தான். கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக. "குடிச்சாலும் போவுதே" என்று நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. கரைசல் பேதியை நிறுத்தாது. போகிற தண்ணீரை ஈடுகட்டும், அவ்வளவுதான். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுச் சமாளிக்கலாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும் நல்லதுதான், நம் பாட்டிகள் விவரமானவர்கள்.

அட்டைப்பெட்டிப் பழச்சாறு, குளுக்கோஸ் பவுடர், கலர் சோடா மூன்றும் வேண்டாம். சர்க்கரை கூடிப்போனால் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஓ.ஆர்.எஸ். என்று பெயரிலேயே போட்டுக்கொண்டு, மருந்துக் கடையிலேயே இனிப்புப் பானங்கள் விற்றுக்கொண்டிருந்தன. முறையான அளவில் இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் அந்த எழுத்துகள் வரக்கூடாது என்று 2025 அக்டோபரில்தான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவு போட்டது. அதற்குள் எத்தனை பிள்ளைகளுக்குப் புகட்டியிருப்பார்களோ.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை மட்டும் ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., பத்து முதல் பதினான்கு நாள் வரை. பேதி நின்ற பிறகும் கோர்ஸை முடிக்க வேண்டும். அந்தப் பேதியைச் சுருக்குவதோடு அடுத்த சில மாதங்களுக்குப் பேதி வரும் வாய்ப்பையும் குறைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸோடு சேர்த்து இலவசமாகவே தருகிறார்கள்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிற மாமியார்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். பேதி ஆகும்போது தாய்ப்பால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இட்லி, குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம் எதுவும் தடை இல்லை. அப்புறம் தொக்கம் எடுப்பது. பிள்ளைக்கு ஏதோ தொண்டையில் சிக்கிக்கொண்டு செரிக்காமல் போகிறது என்று சொல்லி எடுக்கப்போவார்கள். எடுப்பதால் கெடுதல் இருக்கிறதோ இல்லையோ, அங்கே போய் வரிசையில் உட்கார்ந்து திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடுகிறது. அந்த ஒரு பகல்தான் பிரச்சினை. பல் முளைப்பதால் பேதி என்பதும் அப்படித்தான். பல் முளைக்கிற வயதில் பிள்ளை தவழும், தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும், பால் பாட்டிலுக்கும் மாறியிருக்கும். பாட்டில் ரப்பரின் உள் மடிப்பில் எங்கள் தட்டுகளைவிட நன்றாகவே கிருமி வளரும்.

சரி, ரத்தபேதிக்கு வருவோம். இங்கே கதை மாறுகிறது.

சளியும் ரத்தமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், வயிற்றைக் கடுக்கும், முக்கி முக்கி உட்கார்ந்தும் தீராது, காய்ச்சல் அடிக்கும் என்றால் குழந்தைகளில் முதல் சந்தேகம் ஷிகெல்லா. 1897ல் ஜப்பானில் பெரிய அளவில் சீதபேதி பரவியபோது கியோஷி ஷிகா கண்டுபிடித்தது. அதன் கெட்டிக்காரத்தனம் எண்ணிக்கையில் இருக்கிறது. காலராக் கிருமி வயிற்று அமிலத்தில் நிறையச் செத்துப்போகும். நோய் வர லட்சக்கணக்கில், சமயத்தில் கோடிக்கணக்கில் உள்ளே போக வேண்டும். ஷிகெல்லாவுக்கு பத்து முதல் நூறு போதும். துடைக்காத கதவுக் கைப்பிடி, ஈ உட்கார்ந்த முறுக்கு, அண்ணன் கழுவாத கையோடு தம்பிக்கு ஊட்டிய பிஸ்கட், இவ்வளவு போதும். அதனால்தான் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்தடுத்து வருகிறது. காய்ச்சலோடு வலிப்பும் வரலாம் என்பதால் சிலர் மூளைக்காய்ச்சல் என்று பயந்து ஓடுவார்கள்.

நம் ஊரில் ரத்தபேதி என்றாலே அமீபா என்று முடிவுகட்டி மெட்ரோனிடசோல் ஆரம்பித்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. இதில் எங்கள் லேப்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது. சீதபேதி மலத்தில் பெரிய வெள்ளணுக்கள் வரும். அவசரத்தில் பார்த்தால் அமீபா மாதிரியே தெரியும். ரத்த அணுவை விழுங்கியபடி நகரும் அமீபாவைக் கண்ணால் பார்த்தால்தான் அமீபா என்று எழுத வேண்டும், மாதிரியும் சுடச்சுட வந்திருக்க வேண்டும். அப்படி நிச்சயமாகப் பார்த்தது என் அனுபவத்தில் அபூர்வம். குழந்தையின் ரத்தபேதியை முதலில் ஷிகெல்லாவாக நினைத்தே பார்க்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும்.

இங்கே ஆன்டிபயாடிக் தேவைப்படும். கல்ச்சருக்கும் இங்கேதான் மதிப்பு, ஏனென்றால் ஷிகெல்லா பழைய மருந்துகளுக்கு ஒவ்வொன்றாக டாட்டா காட்டிக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் நாலிடிக்சிக் ஆசிட் போதும், பிறகு சிப்ரோஃப்ளாக்சசின். இன்று தட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் ஊறிய சின்ன வில்லையைச் சுற்றி, மருந்தைச் சட்டை செய்யாமல் கிருமி பாய் விரித்தது போல் நெருங்கி வளர்ந்து நிற்பதைப் பார்ப்பது சர்வசாதாரணம். மருந்துக் கடையில் "வயித்தால போவுது, ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டால் இரண்டு மருந்து கலந்த ஒரு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வேளை போட்டதும் நின்றுவிட்டது என்று மீதியை அலமாரியில் வைப்பார்கள். வைரஸ் பேதியென்றால் அது தானாகவே நின்றிருக்கும். பேர் மட்டும் மாத்திரைக்கு. ஷிகெல்லாவென்றால் பாதி அடிபட்ட கிருமிக்கு அந்த மருந்தோடு பழக்கம் வந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஷிகெல்லாவில் ஒரு வகையும் ஈ.கோலையில் ஒரு வகையும் ஷிகா நச்சு என்ற ஒன்றைச் சுரக்கும். சில குழந்தைகளுக்கு ரத்தபேதி தணிகிற நேரத்தில் முகம் வெளுத்து, சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் பழுதாகும். பேதிதான் நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அந்த ஈ.கோலை வகைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இந்த ஆபத்து கூடலாம் என்பதால்தான், ரத்தபேதிக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் விட வேண்டும் என்கிறேன். போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையும் இங்கே கூடாது. ரத்தமும் காய்ச்சலும் இருந்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

வாந்தியோடு வரும் கூட்டப் பேதி வேறு ஜாதி. உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் மதியம் சாப்பிட்டவர்களில் பலர் சாயங்காலத்துக்குள் வாந்தி எடுத்தார்கள். மண்டபத்திலேயே ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள்: தண்ணீர், கறி, கண்ணேறு. மறுநாள் எங்கள் லேபுக்கே ஐந்தாறு பேர் மாதிரி கொண்டுவந்தார்கள், ஒன்றிலும் ஒன்றும் வளரவில்லை. வளராது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி முன்னாலும் பேதி பின்னாலும் வந்தால், கிருமி குடலில் வளர்ந்து கெடுக்கவில்லை. சாப்பாட்டிலேயே வளர்ந்து நச்சைக் கொட்டி வைத்துவிட்டது. சமைப்பவர் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒன்று. வடித்து வெளியில் வைத்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் இன்னொன்று. இரண்டின் நச்சும் கொதியில் சாகாது, அதனால் "திரும்பச் சுட வச்சுத்தானே போட்டோம்" என்பது சமாதானம் ஆகாது. ராத்திரியே சோறு வடித்துப் பாயில் கொட்டி ஆறவைத்து, மறுநாள் மதியம் புளியோதரையும் தயிர்ச்சாதமுமாகக் கிளறியதாக அப்புறம் தெரிந்தது. மல மாதிரியைவிட மிச்சச் சோறுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதைத்தான் முதல் வேலையாக மாட்டுக்குப் போட்டிருந்தார்கள்.

எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் கழித்து, வாந்தி அதிகமில்லாமல் வயிற்றைச் சுருட்டிப் பிடித்துப் போனால் பிரியாணி அண்டாவைச் சந்தேகப்படலாம். அண்டாவின் நடுவில் கறி மெதுவாக ஆறும்போது பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற கிளாஸ்ட்ரிடியம் வகை பெருகும். ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலோடு போனால் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் பக்கம் யோசிக்க வேண்டும். முட்டை, கோழி, மயோனைஸ். டைஃபாய்டு அல்லாத சால்மோனெல்லா பேதி திடகாத்திரமான ஆளுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகும்; ஆன்டிபயாடிக் போட்டால் கிருமி மலத்தில் வெளியேறுவது இன்னும் நீளலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை, வயதானவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் கணக்கு வேறு. விசேஷ வீட்டுக்காரர்கள் சமையல்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், எத்தனை மணிக்குப் பந்தி? இடைவெளி இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அண்டாவுக்கு அடியில் தணல் இருக்க வேண்டும்.

வயதானவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. தெரிந்த பாட்டி ஒருவர் நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஒரு வாரத்தில் நாளுக்கு ஏழெட்டு முறை போக ஆரம்பித்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் இன்னொரு ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள், இன்னும் மோசமானது. பார்த்த மருத்துவர் சரியாகக் கேட்டார்: "முன்னாடி என்ன ஊசி போட்டாங்க?" ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளைத் துடைத்துவிட்ட பிறகு வெற்றிடத்தில் குடியேறுவது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி. சாதாரண கல்ச்சரில் வராது. நச்சுக்கான தனிச் சோதனை கேட்க வேண்டும். அதன் விதைகள் சானிட்டைசருக்குச் சாகாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் கையிலிருந்து கழுவித் தள்ளும். பாட்டி வருஷக்கணக்காகத் தினம் காலையில் 'கேஸ் மாத்திரை' போட்டுக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரைகள் இந்தக் கிருமிக்கும் சால்மோனெல்லா போன்றவற்றுக்கும் வழியைச் சுலபமாக்குகின்றன. வயிற்று அமிலம் சும்மா இல்லை, வாசலில் நிற்கும் காவல். மாத்திரை தேவைப்படாதவர்கள் அந்தக் காவலை ஏன் விலக்க வேண்டும்?

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பரவாமல் பார்க்க வேண்டும். கைக்குழந்தை மலத்தில் ஒன்றுமில்லை, பால் குடிக்கிற பிள்ளைதானே என்று கொல்லையில் வீசுகிறார்கள். அதிலும் அதே கிருமிதான், அதையும் கக்கூஸில்தான் கொட்ட வேண்டும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குப் போகக்கூடாது. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பதைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தெருவில் நான்கைந்து வீட்டில் ஒரே வாரத்தில் பேதி என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். குழாய் வாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். உள்ளாட்சி ஊழியரைக் கூப்பிட்டால் மருந்து விட்டு நிறம் பார்த்து அங்கேயே சொல்லிவிடுவார். அதுவரை தளதளவென்று கொதித்த தண்ணீர்தான். கேன் தண்ணீரையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை.

மருத்துவர் கல்ச்சர் எழுதியே கொடுத்துவிட்டார், ரத்தபேதியோ காலராச் சந்தேகமோ பதினான்கு நாளாக நிற்காத பேதியோ என்றால் தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் ஆன்டிபயாடிக் முதல் மாத்திரைக்கு முன்னால். லேபில் கேட்டால் சுத்தமான வாயகன்ற டப்பா தருவார்கள். தைலடப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், மிட்டாய்க் காகிதம் எல்லாம் வேண்டாம். கழுவிய டப்பாவில் டெட்டால் ஒட்டியிருந்தாலே கிருமி செத்துவிடும். டாய்லெட் பேசினிலிருந்து எடுக்காதீர்கள், அங்கே பினாயில் இருக்கும். குழந்தைக்கு டயப்பர் உறிஞ்சிவிடும், அதனால் உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்துப் பிடியுங்கள். சளியும் ரத்தமும் உள்ள இடம் பார்த்து ஒரு ஸ்பூன் அளவு போதும், டப்பா நிறைய வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். முடியாது என்றால் முன்கூட்டியே சொன்னால் கேரி பிளேர் என்ற மீடியம் ஊற்றிய குழாய் தருவோம், அதில் தாங்கும். எந்த மாத்திரையாவது ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் அதன் பெயரைச் சீட்டில் எழுதிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டுவாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.